ஏணித் தெருவுக்கு வழி

பார்சல்காரனின் நகரத்தில் ஆலை எங்கே இருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் பாகங்களில் அது மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஒன்பதாம் பாகத்தில் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறது. ரயில் நிலையம் கீழே கடலைப் பார்த்து நிற்கும், பதினோராம் பாகத்தில் மேட்டுக்கு ஏறிவிடும். வாசகர்கள் இதைப் பற்றி இணையத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்த நகரத்துக்கு உயிர் இருக்கிறது, அது தூக்கத்தில் புரண்டு படுக்கிறது என்று ஒரு கட்சி. ஓவியருக்கு மறதி என்று ஒரு கட்சி.

ஓவியரின் தங்கை எந்தக் கட்சியிலும் இல்லை. ஆறாம் பாகத்துக்குப் பிறகு அவள் அந்தப் படக்கதையைப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அவள் கழிவுநீர் வாரியத்தில் வரைவாளர். பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது சோபாவில் பாதி இடத்தை இஸ்திரி போட வேண்டிய துணிகள் பிடித்திருந்தன. பதிப்பகப் பெண் மீதிப் பாதியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு வேலைகளோடு வந்திருப்பதாகச் சொன்னாள்.

முதல் வேலையைத் தேநீர் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். ‘பார்சல்காரன்’ முடியப்போகிறது. முடிந்ததும் எல்லாப் பாகங்களையும் சேர்த்துக் கெட்டி அட்டையில் தொகுப்பாகக் கொண்டுவருகிறார்கள். தொகுப்பின் முதல் பக்கத்தில் நகரத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும். வாசகர்கள் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள்.

இரண்டாவது வேலையைச் சொல்ல அவளுக்குத் தேநீர் தேவைப்பட்டது. கடைசி அத்தியாயத்தில் பார்சல்காரன் தன்னுடைய வீட்டுக்கே ஒரு பார்சலைக் கொண்டுபோகிறான். ஏணித் தெரு வருகிறது. அந்த நான்கு பக்கங்களுக்குப் பின்னணி வரைந்து தர வேண்டும்.

“சார் உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு மேடம். வேற யாரும் வேண்டாம்னுட்டாரு.”

தங்கை தேநீர்க் கோப்பையின் அடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். அண்ணன் ஏன் நேரில் கேட்கவில்லை என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

“வரைபடம் போட்டுத் தரேன். அது என் வேலை. பக்கம் வேண்டாம்.”

மாதக் கடைசியில் பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும், அதுவரை சார் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் பதிப்பகப் பெண் எழுந்தாள். எல்லாப் பாகங்களையும் அனுப்பி வைப்பதாகவும் சொன்னாள்.

அப்போது உள்ளறையிலிருந்து தங்கையின் கணவர் இருமினார். அனுப்ப வேண்டாம் என்றார்.

அவர் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறார். மறுநாள் மாலை அங்கிருந்து ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யார் யாருடைய வாய்க்கோ அளவெடுத்த சுண்ணாம்பு அச்சுகளின் தூள் பெட்டி முழுக்கப் படிந்திருந்தது. உள்ளே ‘பார்சல்காரன்’ ஒரு பாகம் விடாமல் இருந்தது.

“எத்தனை வருஷமா இது?” என்று கேட்டாள்.

“மச்சான் கதை. படிக்காம இருக்க முடியுமா?”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. நான் ஆபீஸ்ல பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிச்சேன்.”

அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லா நகைச்சுவையும் பல்லைச் சுற்றித்தான் நடக்கும். அவள் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துக்கொண்டாள்.

*

அந்தப் படக்கதையை அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில்தான் ஆரம்பித்தார்கள். வாசகர்கள் அதை ஜப்பானியப் பாணியில் மங்கா என்பார்கள். அண்ணனுக்கு அது எப்போதும் படக்கதைதான். வாரா வாரம் கறுப்பு வெள்ளையில் வரும். அண்ணன் மனிதர்களை வரைவான். மை போட்டு முடித்ததும் மீதி இடத்தை வெள்ளையாகவே விட்டுத் தாளை இந்தப் பக்கம் தள்ளுவான். தெரு, வீடு, வானம், நிழல் எல்லாம் தங்கை. அவனுடைய கோட்டை அவள் தொடமாட்டாள், அவளுடைய இடத்துக்குள் அவன் வரமாட்டான். இருவரும் உட்கார்ந்து பேசி வைத்த விதி இல்லை. மேசை சிறியது, முழங்கை இடிக்காமல் இருக்க அப்படி அமைந்தது, பிறகு அதுவே நின்றுவிட்டது.

பார்சல்காரன் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகிறவன். எனவே நகரம் முக்கியம். எங்கே ஏற்றம், எங்கே அவன் இறங்கித் தள்ள வேண்டும், காலை பத்து மணிக்கு மணிக்கூண்டின் நிழல் எந்தக் கடை வாசலில் விழும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்போது அவள் அறிவியல் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருந்தாள். நகரத்தை மேல் ஊர், கீழ் ஊர் என்று இரண்டாகப் பிரித்தாள். மேல் ஊரில் ஆலை, தண்ணீர்த் தொட்டி, பழைய வீடுகள். கீழ் ஊரில் ஆறு, சந்தை, ரயில் நிலையம், கடல். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழி, ஏணித் தெரு. தெரு முழுவதும் படிகள், படிகளின் இரு பக்கமும் வீடுகள். பார்சல்காரனின் வீடு அதன் நடுவில். சக்கரம் உருளச் சமதளம் அந்தத் தெருவில் எங்குமே கிடையாது. தினமும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான், ஏறுவான்.

வேறு ஒரு ரோடு இருந்தால் கதைக்கு வசதியாக இருக்குமே என்று அண்ணன் ஒரு முறை கேட்டான். அங்கே பாறை, ரோடு போட முடியாது என்று அவள் சொன்னாள். அவனும் விட்டுவிட்டான்.

ஆறாம் பாகத்தின் முடிவில் பார்சல்காரன் ஏணித் தெருவில் துரத்தப்படுகிறான். படிக்கிறவரின் கண் இடமிருந்து வலம் போகிறது. இடப்பக்கம் பார்த்து ஓடுகிறவன் திரும்பி வருவதுபோல் இருக்கும். அவளுடைய தெரு இடப்பக்கம் இறங்கியது, ஏனென்றால் கடல் இருக்கும் மேற்கு அங்கேதான் இருந்தது. அச்சாகி வந்த இதழைப் பிரித்தபோது அவள் வரைந்த தெரு கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறியிருந்தது. தண்ணீர்த் தொட்டி மறுபக்கம் போயிருந்தது. காலையில் சாயங்கால நிழல் விழுந்தது. அண்ணன் அவளிடம் சொல்லாமல் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தான்.

அவள் போய்க் கேட்டாள். அப்போதைய பதிப்பாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வரைந்துகொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை.

“பின்னணிதானே. யாரு பாக்கப் போறா?”

அந்த வாரப் பக்கங்களை முடித்துக் கொடுத்துவிட்டு, பேனாக்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். பிறகு வாரியத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு சாய்வு தப்பினால் யாரோ ஒருவரின் குளியலறையில் சாக்கடை பொங்கும். யாரு பாக்கப் போறா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அண்ணனோடு பேச்சு நிற்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. குடும்ப விசேஷங்களில் பார்த்துக்கொள்வார்கள். சர்க்கரை அளவு, முட்டி வலி, பேருந்தில் கூட்டம் இவற்றைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி ஒரு விசேஷத்தில்தான் சித்தி மகள் ஒருத்தி கேட்டாள், இப்போதெல்லாம் கதையில் அந்தப் படிக்கட்டுத் தெரு வருவதே இல்லையே என்று. தங்கை சாதாரணமாகத் தலையாட்டினாள். திருப்பிப் போட்டதோடு விடவில்லை, தூக்கியே போட்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள்.

*

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிரேசிங் தாள் என்று வைத்துக்கொண்டாள். அந்தப் பாகத்தில் வரும் இடங்களை அதில் குறித்தாள். பார்சல்காரன் போகும் வழிகளைக் கோடாக இழுத்தாள். பிறகு தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஆறாம் பாகத்தின் முடிவில் திருப்பிப் போட்ட அந்தத் துரத்தலைத் தவிர, முதல் ஆறு தாள்களும் அப்படியே பொருந்தின. ஒரு கோடு இரண்டாகத் தெரியவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போது அவளிடம் வரைபடம் எதுவும் இருந்ததில்லை, எல்லாம் தலைக்குள்தான்.

ஏழிலிருந்து குழப்பம். அவள் அதைக் கொஞ்சம் ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆலை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. ரயில் நிலையம் மேலே போய்விட்டது. சந்தை ஒரு அத்தியாயத்துக்குள்ளேயே இரண்டு இடங்களில் இருக்கிறது.

“ஸ்டேஷன் எப்படி மேல போச்சு?” என்றாள்.

“ரயிலேறிப் போயிருக்கும்.”

“சிரிக்காதீங்க. இதை வச்சு நான் எப்படி ஒரு வரைபடம் போடறது?”

எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது என்றார் அவர். எங்களுக்கு என்று அவர் சொன்னது வாசகர்களை. அந்தச் சொல்லில் தான் சேரவில்லை என்பதைத் தங்கை கவனித்தாள்.

விஷயம் அலுவலகத்தில்தான் பிடிபட்டது. ஒரு புதிய கழிவுநீர்ப் பாதையின் வரைபடம் அவளிடம் திருத்தத்துக்கு வந்திருந்தது. நகரின் அந்தப் பகுதியில் தோண்டக்கூடாத ஓர் இடம் இருந்தது, பழைய அடக்கத் தலம். கீழ்நிலைப் பொறியாளர் அதைக் குறிக்க மறந்திருந்தார். ஆனால் குறிக்காமலே தெரிந்தது. எல்லாக் குழாய்களும் நேராக வந்து, அந்த இடத்துக்குப் பக்கத்தில் வளைந்து, சுற்றிக்கொண்டு போயின. நடுவில் ஒன்றுமே வரையப்படாத ஒரு வெள்ளை இடம்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இதே வடிவத்தை வீட்டு ஜன்னலில் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போனாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்துப் பார்த்தாள். பார்சல்காரன் ஏணித் தெருவில் கால் வைக்கக்கூடாது. அவ்வளவுதான். மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் வேறு வழி இல்லை. ஆலையிலிருந்து ஆற்றுக்கு அவன் பார்சல் கொண்டுபோக வேண்டும் என்றால், ஆலைதான் ஆற்றுக்கு வர வேண்டும். ஒன்பதாம் பாகத்தில் வந்திருந்தது. மேல் ஊரில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவனின் பார்சல் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால், ரயில் நிலையம் ஏறி வர வேண்டும். பதினொன்றில் ஏறியிருந்தது. சந்தை அந்த அத்தியாயத்தில் ஏன் இரண்டு இடங்களில் இருந்தது என்பதும் விளங்கிவிட்டது. பார்சலைக் கொடுத்தவர் மேலே, வாங்கியவர் கீழே.

மறதி இல்லை. அந்த ஒரு தெருவை ஒதுக்கியதில் மற்ற எல்லாம் இடம் மாறியிருந்தன.

கணவர் வந்ததும் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு அருகே போய்க் கோடுகளை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

“அவன் வீடு எங்கன்னு யாராவது கேட்டா ‘மேல’ன்னு கை காட்டுவான். அதோட கட்டம் முடிஞ்சிடும். நாங்க அதை ஒரு ஸ்டைல்னு நினைச்சோம்” என்றார். பிறகு, “மச்சானுக்கு ஃபோன் பண்ணிக் கேளு” என்றார்.

அவள் கேட்டிருக்க வேண்டும். ஃபோன் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவள் அப்போது பாதிப் பாகங்களைத்தான் பார்த்திருந்தாள். ஒரு இடத்தைப் பிடிக்காமலும் ஒதுக்கலாம், வேறு காரணத்துக்காகவும் ஒதுக்கலாம், கோடுகள் அதைச் சொல்வதில்லை. தவிர, மிச்சப் பாகங்களில் எங்காவது ஒரு இடத்தில் அந்தத் தெரு வந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பு. தப்பான கணக்கோடு அண்ணனிடம் போய் நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

“எல்லாத்தையும் பாத்துட்டுப் பேசறேன்.”

“அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும்.”

“சரியா தெரியாம என்னன்னு பேசறது?”

அவர் காயை நறுக்கப் போய்விட்டார்.

வேலை முடிந்து வரும் மாலைகளில் ஒரு பாகம், சில நாட்களில் அரைப் பாகம். அவசரப்படவில்லை. ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. தெரு எங்கும் வரவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் மூடும்போது அவள் சொன்னது இன்னும் கொஞ்சம் உறுதியானது. பதிப்பகப் பெண்ணிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். பக்கங்களைப் பற்றி அந்தப் பெண் தயங்கிக் கேட்டபோது, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அதை அந்தப் பெண் மறுப்பாக எடுத்துக்கொண்டிருப்பாள் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

*

கடைசிப் பாகத்தையும் பார்த்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, தாள்களையும் வரைபடத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பேருந்தில் யாரோ சுருளை இடித்துவிடாமல் இருக்க வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒத்திகை பார்த்தாள். நாலு பக்கம்தானே அண்ணா, கொடு, போட்டுடறேன். இவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அண்ணி கதவைத் திறந்தாள்.

“அட. இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா உனக்கு?”

“வரைபடம் போட்டுக்கிட்டு வந்தேன் அண்ணி.”

“பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. உள்ளதான் இருக்காரு, போ. இன்னிக்கு முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கல. முடிச்சிட்டாருல்ல.”

தங்கை அந்தக் கடைசிச் சொல்லில் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

உதவியாளர்களின் மேசைகள் காலியாக இருந்தன. ஒன்றின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் ஜன்னலோரம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனால் விசேஷங்களில் பார்க்கும்போது அவன் சாயம் பூசியிருப்பான்.

“வா. உக்காரு. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு.”

“பக்கம் எங்க?” என்றாள்.

“போயிடுச்சு. முந்தாநாளே அச்சும் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்துடும்.” தைலத்தை மூடினான். “மாசக் கடைசி வரைக்கும் வச்சிருந்தேன். நீ போட மாட்டேன்னுட்டியாமே.”

பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூலப் பக்கங்கள் திரும்பி வந்திருந்தன. அவன் எடுத்துக் காட்டினான். நான்கு பக்கங்களிலும் பார்சல்காரன் மட்டும்தான் இருந்தான். சைக்கிளும் பார்சலும் அவனும். சுற்றிலும் வெள்ளை. ஒரு கோடு இல்லை. அப்படியேதான் அச்சுக்கும் அனுப்பியிருந்தான்.

பதிப்பகத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். வெறுமை, ஞானம் என்றெல்லாம் யாரோ பேசினார்களாம்.

“நான் ஒண்ணும் சொல்லல. நல்ல பேரு வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்” என்றான் அண்ணன்.

அவள் சுருளைப் பிரித்துக் காலி மேசையில் விரித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தான். விரலை ஆலையில் வைத்தான். வழியோடு நகர்த்தினான். விரல் வளைந்து, சுற்றி, மறுபடி ஆலைக்கே வந்தது. அவள் விளக்கினாள். பாகம் பாகமாகச் சொன்னாள். எங்கே எது நகர்ந்தது, அந்த அத்தியாயத்தில் பார்சல்காரன் யாருடைய பார்சலை யாருக்குக் கொண்டுபோனான் என்று. ரயில் நிலையம் வந்ததும் அவன் நிமிர்ந்தான்.

“ஸ்டேஷனை நானா தூக்கி மேல வச்சேன்?”

“பதினொண்ணாம் பாகம்.”

“அடப்பாவி.” அவன் தன்னைத்தான் சொன்னான். சிரித்தான். “எனக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தெரு வர மாதிரி இருந்தா வேற பக்கமாப் போகட்டும்னு பசங்ககிட்ட சொல்லுவேன். அவ்வளவுதான் ஞாபகம்.”

“ஏன் வேற பக்கம்?”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அது உன் தெரு. அதுல நான் எப்படிக் கோடு போடறது? ஒரு உதவியாளர் ஒரு தடவை போட்டாரு. பாவம், நல்லாத்தான் போட்டாரு. கிழிச்சிட்டேன்.”

“இன்னொரு ரோடு போட்டுக்கிட்டிருக்கலாம்ல? மேலேர்ந்து கீழ?”

“பாறைன்னு நீதானே சொன்னே.”

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். அந்தப் பாறை எங்கும் இல்லை. அவள் ஒரு நாளும் அதை வரைந்ததில்லை. அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள், அண்ணன் ஒரு முழு ஆலையைத் தூக்கி ஆற்றங்கரையில் வைத்துவிட்டான், அந்தப் பாறையைத் தொடாமல்.

“நீ என் தெருவைத் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைச்சேன்” என்றாள்.

“நீ வாராவாரம் பாப்பேன்னு நான் நினைச்சேன். தெரு வரலன்னா உனக்குப் புரியும்னு. வேற யாருக்குப் புரியும்?”

“நான் பாக்கவே இல்லண்ணா. ஒண்ணுகூட.”

“அப்படியா?” என்றான்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம், இருபது பக்கம், அத்தனை வருடம். அவன் அவளுக்காக ஒரு இடத்தை வெள்ளையாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறான், அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. ஒரு பாகத்தையாவது பிரித்திருந்தால் போதுமே என்றுதான் தோன்றியது. ஏழாம் பாகத்தை. கடையில் நின்றபடி, வாங்காமல்கூட.

“படத்தைத் திருப்பிப் போட்டதுக்குத்தானே கோவிச்சிக்கிட்டுப் போனே” என்றான் அண்ணன், திரும்பாமல். “அது தப்புதான். அப்புறம் எனக்கே தெரிஞ்சுது. நிழல் எல்லாம் தப்பா விழுந்துச்சு.”

யாரு பாக்கப் போறா என்று அன்று சொன்னது அவனுக்கு ஞாபகம் இல்லை. அவள் அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடம் சுமந்தாள், அவன் நிழல்களுக்காக வருந்தியிருக்கிறான். அவள் திருத்தவில்லை.

“ஆமா, நிழலுக்காகத்தான்” என்றாள்.

*

தொகுப்பு வர இன்னும் மாதங்கள் இருந்தன. அதில் வேண்டுமானால் பின்னணி சேர்த்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். வாரப் பத்திரிகையில் வெள்ளையாக வந்தது வந்ததுதான், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புத்தகத்துக்கு நேரம் இருக்கிறது. அவன் இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மைப்புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான், அவ்வளவுதான்.

அவள் முதல் பக்கத்தை இழுத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை மேலே லேசாகக் குறித்தாள். அங்கிருந்து படிகளைக் கீழே கொண்டுவந்தாள். பார்சல்காரனின் கால் அருகே வந்ததும் கை நின்றது.

அவன் சமதளத்தில் நின்றிருந்தான். இரண்டு பாதங்களும் ஒரே மட்டத்தில். சைக்கிளின் இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் அதே மட்டத்தில். ஏணித் தெருவில் யாரும் அப்படி நிற்க முடியாது.

அண்ணனும் அதைப் பார்த்துவிட்டான்.

“அது... நீ போட மாட்டேன்னு தெரிஞ்சதும் மாத்திட்டேன். படி இல்லாம படியில ஏறற மாதிரி போட்டா அந்தரத்துல தொங்கற மாதிரி இருந்துச்சு.” நாற்காலியை நெருக்கமாக இழுத்தான். “கொடு. வேற தாள்ல திரும்பப் போட்டுத் தரேன். சைக்கிளைத் தோள்ல போட்டுடலாம்.”

அவள் அந்த உருவத்தையே பார்த்தாள். சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கை. மறு கையில் பார்சல். எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தும் உள்ளே போகத் தயங்குகிற ஆள். அண்ணன் வரைந்ததில் இதைவிட நல்ல உருவம் அவள் பார்த்த எந்தப் பாகத்திலும் இல்லை. அவள் இப்போது எல்லாப் பாகங்களையும் பார்த்தவள்.

“வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.”

“உன் தெருவுல சமதளமே கிடையாதே. நீதானே சொல்லுவே.”

“சொன்னேன்தான்.”

அவள் குறித்த படிகளை ரப்பரால் அழித்தாள். பார்சல்காரனின் பாதங்களுக்குக் கீழே ஒரு நேர்கோடு போட்டாள். சைக்கிளின் பின்சக்கரம் வரைக்கும் நீட்டினாள். படிகளுக்கு நடுவே ஒரு தட்டையான கல் தளம், ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் நிற்கிற அளவுக்கு. அதன் கீழே படிகள் இறங்கின, மேலே படிகள் ஏறின. தளம் வந்ததால் மேல் பக்கத்து வீடுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியும் நகர்ந்தது. அவள் நகர்த்தினாள். முதல் ஆறு பாகங்களோடு இது இனிப் பொருந்தாது. மேசையில் விரித்துக் கிடந்த வரைபடத்தையும் மாற்றிப் போட வேண்டும்.

“கண்டுபிடிச்சிடுவாங்களே” என்றான் அண்ணன். “இந்தக் காலத்துப் பசங்க விட மாட்டாங்க. இந்த இடம் முன்னாடி இல்லையேன்னு கேப்பாங்க.”

“கேட்டா ஓவியருக்கு மறதின்னு சொல்லிடு.”

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கோடு நேராக வர வேண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டாள். மை தொட்டு, பார்சல்காரனின் ஓரத்தைத் தொடாமல், கல்லின் விளிம்பை முடித்தாள். ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடிய காரியமாக இருந்திருக்கிறது.

அண்ணன் மை காயட்டும் என்று தாளை ஜன்னல் பக்கம் எடுத்துப்போனான். இன்னும் மூன்று பக்கங்கள் இருந்தன. அவற்றை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கடைக்கு வரும் இதழில் அவை வெள்ளையாகத்தான் இருக்கும். எல்லோரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.